நான்கு பேருக்கு ஒருவர்

கதவைத் திறந்ததும் நல்ல வாசனை வந்தது. தெய்வசிகாமணி உள்ளே போகாமல் நின்றது அதனால்தான். உழவர்கரையில் அந்த வாடகை வீட்டுக்கு ‘மெஸோன் பொன்மாலை’ என்று பித்தளையில் பெயர் பொறித்து, மறதி நோய் வந்த முதியவர்களைச் சேர்க்க ஆரம்பித்து மூன்று வருடம் ஆகிறது. இத்தனை நாளும் அந்தப் பெரிய ஹாலில் மூத்திரமும் பினாயிலும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருக்குமே தவிர, இப்படிச் சந்தன சோப்பும் பவுடருமாக, கல்யாணத்துக்குக் கிளம்பும் வீடு மாதிரி ஒருநாளும் மணந்ததில்லை.

சத்தமும் இல்லை. பொழுது சாயும் நேரத்தில்தான் அவர்களுக்குப் பதற்றம் கூடும். ஒருவர் வீட்டுக்குப் போகணும் என்று தொடங்க, இன்னொருவர் கதவை உலுக்க, பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய்ப் பென்ஷன் வாங்குவதால் சொல்தா என்று பெயரான கிழவர் கட்டிலிலேயே நிமிர்ந்து உட்கார்ந்து யாருக்கோ உத்தரவு போடுவார். இன்று சன்ஷேடிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டுவதும், குழல்விளக்கு ரீங்கரிப்பதும், உள்ளே எங்கேயோ துணியை நீளமாக, நிதானமாக, நேர்கோட்டில் யாரோ கிழிப்பதும் மட்டும்தான் கேட்டது.

அவர் வாசற்படியில் நின்றபடியே போனை எடுத்தார்.

“வசந்தா, எங்க இருக்க?”

“அரியாங்குப்பம் வந்துட்டேன் சார். அஞ்சு மணிக்கு கெளம்பிடுவேன்னு நாலு தடவ சொன்னேனே.”

“உள்ள யாரு இருக்கா?”

“இன்னா சார் இப்பிடி கேக்குறீங்க? தனக்கொடி சிஸ்டர் இருக்காங்க. காலைல ஆபீசருங்க கிட்ட நீங்கதான அப்பிடி சொன்னீங்க?”

சிரிக்க முடியவில்லை. தரச்சான்று கொடுக்கும் குழு காலையில் வந்திருந்தது. நான்கு பேருக்கு ஒரு பணியாளர் என்று தெய்வசிகாமணி வழவழ காகிதத்தில் விளம்பரம் அச்சடித்திருந்தார். பன்னிரண்டு பேருக்கு மூவர் வேண்டும். இருந்தது வசந்தா ஒருத்தி. இரண்டாவது ஆளாகத் தன்னையே எழுதிக்கொண்டார். மூன்றாவதாக, பன்னிரண்டாம் கட்டில் தனக்கொடிக்கு வெள்ளைச் சீருடை மாட்டி, மார்பில் பெயர் அட்டையும் குத்தினார். எழுபத்து நான்கு வயதிலும் திடமான உடம்பு. ‘முப்பது வருடம் ஆஸ்பத்திரி வேலை’ என்று மகள் படிவத்தில் எழுதியிருந்தாள். அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை. குழுத் தலைவர் அந்த அம்மாளின் கையைப் பிடித்து, “இதுதான் அனுபவத்தின் ஸ்பரிசம்” என்று இரண்டு நிமிடம் பேசினார். நோயாளியில் ஒன்று குறைந்து, ஊழியரில் ஒன்று கூடி, விகிதம் இரண்டு பக்கமும் நிமிர்ந்ததை நினைத்து, கடற்கரைச் சாலைக்குக் குழுவோடு காபி குடிக்கப் போகும்போது தெய்வசிகாமணி காரில் சிரித்தது உண்மை.

“மாத்திரை குடுத்துட்டியா?”

“பதினோரு பேருக்கும் நீங்க சொன்னாப்புல ரெண்டு ரெண்டா குடுத்துட்டேன். அடிச்சிப் போட்டாப்புல கெடக்குறாங்க.” கொஞ்சம் நிறுத்தினாள். “சார், அந்தம்மா சட்டைய கழட்டிட்டீங்கல்ல?”

“ஏன்?”

“சட்டைய போட்டதுலேர்ந்து ஒரே சுறுசுறுப்பு. ஆஸ்பத்திரில அது இன்னா வேலன்னு தெரியுமா? நர்சுன்னு நெனச்சீங்களா? செத்தவங்கள குளிப்பாட்டி, கட்டி, சொந்தக்காரங்க கிட்ட குடுக்குற வேல சார். அது பொண்ணு சொல்லுச்சி.”

துணி கிழியும் சத்தம் நின்றது.

அவர் ஹாலுக்குள் போனார். முதல் கட்டிலில் சொல்தா. தலையைப் படிய வாரி, வகிடு எடுத்து, கழுத்துவரை பவுடர் போட்டு, இந்த மூன்று வருடத்தில் யாரும் அவரை அவ்வளவு அன்பாகத் தொட்டிருக்க மாட்டார்கள் என்று பார்த்தவுடன் தெரிகிற அளவுக்குச் சுத்தமாகப் படுத்திருந்தார். மோவாயிலிருந்து உச்சிக்கு ஒரு வெள்ளைத் துணி. இறுக்கமான முடிச்சு. மார்பின் மேல் கட்டைவிரல்கள் சேர்த்துக் கட்டியிருந்தன. கால் பெருவிரல்களும்.

மூக்கில் பஞ்சு.

பஞ்சு அசைந்தது. உள்ளே இழுபட்டது. மெல்ல வெளியே வந்தது. மறுபடியும் உள்ளே.

போன் கையிலிருந்து விழுந்தது. பஞ்சைப் பிடுங்கினார். முடிச்சை அவிழ்த்தார். கிழவரின் நெஞ்சிலிருந்து அடைத்த குழாய் திறந்தது போல ஒரு சத்தம். அடுத்த கட்டில். அடுத்தது. பெயர் சொல்லி எழுப்ப வாயைத் திறந்தார். பெயர் வரவில்லை. “மூணு! மூணாம் நம்பர்!” என்று கத்தினார்.

“ஐய, கலைச்சிட்டியே சாமி.”

திரும்பினார். வெள்ளைச் சீருடையில் தனக்கொடி. சொல்தாவின் மோவாயைத் தாங்கி, மறுபடி கட்டிக்கொண்டிருந்தாள். குழந்தைக்குக் குல்லா கட்டுகிற மாதிரி. பஞ்சு திரும்ப மூக்கில்.

ஓடிப்போய் அவள் இரண்டு மணிக்கட்டையும் பிடித்தார். ஈரம். குளிர்ச்சி. திமிறவில்லை, நின்றாள்.

“அழுவாத. அப்பாவா? நல்லா பாத்துட்டேன், அழுக்கே இல்ல. பேரு சொல்லு, கால்ல சீட்டு கட்டணும்.”

“அம்மா, இவங்க உயிரோட இருக்காங்க.”

“எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாங்க,” என்றாள் இரக்கத்தோடு. “ஒத்த ஆளா பதினோரு பேர பாத்தேன். யாரும் வரல. பேரு சொல்லு கண்ணு.”

விட்டால் கட்டுவாள். பிடித்தால் அவிழ்க்கக் கை இல்லை. வெளியே இழுத்துத் தள்ளிக் கதவைச் சாத்தலாம். அதற்கு ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தை யாரிடமிருந்து எடுப்பது?

தரையில் கிடந்த போனில் வசந்தா கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். சார். சார்.

வரிசையாகப் பாதங்கள். கழுவின பாதங்கள். பெருவிரல்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து, வெள்ளைத் துணிக்குள் துடித்தன. அவருடைய இரண்டு கையும் அவளுடைய இரண்டு கையைப் பிடித்திருந்தன.

ஜன்னலோரக் கட்டிலில் துடிப்பு நின்றது.

பிறகு அதற்குப் பக்கத்துக் கட்டிலில்.