சத்தம் அடக்கிய சைக்கிள்

எஞ்சினின் சத்தத்தை அடக்கிய பிறகுதான் கனகதாசுக்குப் பின்னால் காலடிகள் கேட்கத் தொடங்கின.

பட்டாளத்தார் ஏலத்தில் கழித்துவிட்ட, பேட்டரி சார்ஜ் செய்யும் சிறு எஞ்சின் அது. சைக்கிள் சட்டத்தில் அவன் அதைப் பொருத்திய நாள் முதல் குன்னத்துகாலில் அதன் இரைச்சலை அறியாதவர் இல்லை. அன்று புகைக்குழாயை ஒரு பிஸ்கட் டின்னுக்குள் விட்டு, இரும்புச் சீவலைத் திணித்து, அடியில் சிறு துளைகள் போட்டான். சத்தம் அடங்கியது, இழுவையும் குறைந்தது. ஏற்றத்தில் இரண்டு பேரை இழுக்க வேண்டுமே என்று சிலிண்டர் மூடியைக் கழற்றி அரத்தால் ராவி அழுத்தத்தைக் கூட்டினான். பிறகு சபைக் கோயிலின் பின்பாதையில் ஓட்டிப் பார்த்தபோது, மழையில் ஊறிய மண்ணில் வெறுங்கால்கள் அழுந்தி எழும் சத்தம். நிறையக் கால்கள். திரும்பினால் மரச்சீனிக் கிழங்குச் செடிகள் மட்டும் நின்றன.

யோசிக்க நேரமில்லை. மனைவி கிருபாபாயின் தம்பி சத்தியராஜ் அடுக்களையில் கிடந்தான். இந்தப் பகுதி தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று தடையை மீறிப் போன ஊர்வலத்தில் போலீஸ் சுட்ட குண்டு அவன் தொடையில் இருந்தது. காயம் நாறத் தொடங்கிவிட்டது. பனச்சமூட்டுக்கு அப்பால், எதையும் விசாரிக்காமல் வைத்தியம் பார்க்கும் டாக்டர் ஒருவர் இருந்தார். பஸ் ஓடவில்லை; பாதைகளில் போலீஸ் காவல், வண்டிச் சத்தம் கேட்டால் பிடித்துவிடுவார்கள். இன்று சேர்க்காவிட்டால் அவன் பிழைக்க மாட்டான்.

கிருபாபாய் தன் சேலை ஒன்றால் இருவரையும் இடுப்போடு சேர்த்துக் கட்டினாள்.

"வண்டிக்கு மூச்சக் காணோமே அத்தான், செத்துப்போச்சா?" என்றான் சத்தியராஜ்.

"மிண்டாம இரிலே. நாக்குக்கு மட்டும் காய்ச்சல் இல்ல."

அந்தி மங்கியிருந்தது. தூறலில் நனைந்த தென்னோலைகளின் சலசலப்புக்கும், பெட்ரோல் மணத்துக்கும், பின்னாலிருந்து வந்த சீழ் நாற்றத்துக்கும் நடுவே, எஞ்சின் தொண்டையைச் செருமுவதுபோல முனகிக்கொண்டு ஏற்றத்தில் ஏறியபோது, அந்தக் காலடிகள் மறுபடி சேர்ந்துகொண்டன. அவன் முடுக்கினான்; அவையும் முடுகின. தளர்த்தினான், தளர்ந்தன. திரும்பிப் பார்க்கவில்லை.

"பயப்படாதீங்க. நம்ம ஆளுவளாக்கும்," என்றது காதருகே சத்தியராஜின் குரல்.

"ஆருலே?"

"அண்ணைக்கு எனக்கு முன்னால விழுந்தவிய."

ஊர்வலத்தில் குண்டுபட்டு விழுந்தவர்களில் ஒருவர் உடலையும் போலீஸ் வீட்டாரிடம் கொடுக்கவில்லை. எங்கே புதைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. புதிதாய் வெட்டிய மண்ணின் வாசம் இப்போது பாதையெங்கும் இருந்தது. கழுத்தில் பட்டுக்கொண்டிருந்த மூச்சில் சூடு குறைந்து வந்தது.

வளைவில் ஒரு மூங்கில் பாதையை மறித்திருந்தது. லாந்தர். இரண்டு போலீஸ்காரர்கள். ஒருவன் துப்பாக்கியை நீட்டினான்.

"ஆராடா? எத்ர பேருண்டு?"

திரும்பி ஓட்டிவிடலாம். அல்லது இறங்கிக் கும்பிட்டு, ஏமானே என்று கெஞ்சலாம். பயம் இரண்டையும் சொன்னது. பின்னால் இருப்பவனுக்கு இரண்டுக்கும் நேரமில்லை.

"ரெண்டு பேரு. டாக்டருட்ட போறோம். மூங்கில எடும்."

லாந்தர் உயர்ந்தது. போலீஸ்காரன் அவனைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் பார்த்தான். பார்வை பாதையின் கடைசிவரை போனது.

"செத்த ஒதுங்குங்க அத்தான்," என்றான் சத்தியராஜ். "அவிய போவட்டு."

இனி எதற்கு ஒளிய வேண்டும்? கனகதாஸ் டின்னைக் காலால் எத்தினான். அது கழன்று உருண்டது. எஞ்சின் ஊரே அதிரும்படி அலறியது. அவன் இன்னும் முறுக்கினான். கேட்கட்டும். எல்லோரும் கேட்கட்டும்.

அந்த இரைச்சலில் காலடிகள் கேட்கவில்லை. ஆனால் தெரிந்தன.

சிவந்த சேற்றில். சக்கரத்தின் இருபுறமும். ஐந்து விரல். குதிகால். மறுபடி ஐந்து விரல். நடப்பவர் யாருமில்லை. தடங்கள் மட்டும். மூங்கிலை நோக்கி.

லாந்தர் கீழே விழுந்தது. விழுந்தும் எரிந்தது. துப்பாக்கி வெடிக்கவில்லை.

முதுகு லேசானது.

கையைப் பின்னால் நீட்டித் தடவினான். கேரியரில் யாருமில்லை. சேலை அவிழாமல் அவன் இடுப்பில் இறுகியே இருந்தது.

பின்சக்கரத்தின் அருகிலிருந்து புதிதாக ஒரு ஜோடிக் கால்தடம் கிளம்பியது. நொண்டவில்லை. மற்றவற்றையெல்லாம் கடந்து முன்னால் போனது.

மூங்கில் முறிந்தது.