ஒன்பதாவது போன்

தூளியைப் பார்க்க வைத்த கேமரா இன்றும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. இந்த வாரத்தில் நான்காவது முறை.

கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த ஏஞ்சலின் பையைக்கூட இறக்காமல் கேட்டாள். "நீ திருப்புனியா?"

நைட் ஷிஃப்டுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்த கணவன் ராபின் கொட்டாவி விட்டான். "நான் தூங்கிக்கினு இருந்தேன். கரண்டு போய் வந்திருக்கும், அதுவா ஒரு சுத்து சுத்தும். இதுக்குப் போய் பேஜார் பண்ணாத."

அவன் கிளம்பினான்.

பகலில் குழந்தை ஜெபாவோடு இருப்பவன் அவன்தான். ஆனால் படுத்தால் இடி விழுந்தாலும் எழமாட்டான். அதற்காகத்தான் கேமரா. வேலை நேரத்தில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும் என்பதால், பஸ் தோழிகள் ஆறு பேருக்கும் பாஸ்வேர்டைக் கொடுத்திருந்தாள். பிரேக்கில் இருப்பவள் எட்டிப்பார்ப்பாள். ஜெபா எழுந்துவிட்டால் போன் போட்டு ராபினை எழுப்புவாள். வைஃபைக்கும் அதே பாஸ்வேர்டுதான்; ராபின் மறந்துவிடுவான் என்று அதைக் காலண்டரிலும் எழுதி மாட்டியிருந்தாள்.

வெளியே வெளிச்சம் மங்கியது. உருக்காலைப் பக்கமிருந்து வரும் காய்ந்த இரும்பு வாடை ஜன்னல் வழியே ஏறி, பால் வாடையோடும் ஈரத்துணி வாடையோடும் கலந்து, அந்த ஒற்றை அறையில் அசையாமல் நின்றது. ஏஞ்சலின் கேமராவைத் தூளிப் பக்கம் திருப்பி, பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகினாள். கொசு ரீங்காரம்போல் ஓர் ஓசை. கேமரா ஒரு சுற்று சுற்றியது. சரியாகத் தூளியைப் பார்த்து நின்றது.

அப்படியானால் கரண்டு காரணமில்லை. கடைசியாக நின்ற இடம் அதற்கு நினைவிருக்கிறது. யாரோ போனிலிருந்து திருப்புகிறார்கள்.

பஸ் தோழி மேரியைப் போனில் கூப்பிட்டாள்.

"அடியே, நான் தொடவே இல்ல. நீதான் திருப்பி வுட்டுட்டுப் போறேன்னு நாங்க நெனச்சிக்கினு இருக்கோம். உன் ஊட்டு செவுத்துல இன்னா, படமா ஓடுது?"

"பாஸ்வேர்ட மாத்திடட்டா?"

"பூட்ட மாத்துனா, ஏற்கெனவே உள்ள பூந்தவன் எப்டிடி வெளிய போவான்? செட்டிங்ஸ்ல யார் யார் உள்ள இருக்காங்கன்னு லிஸ்ட் இருக்கும், பாரு."

பார்த்தாள். ஒன்பது போன்கள்.

தோழிகள் ஆறு. மொபைல் டேட்டா. ராபின், பஸ்ஸில். மொபைல் டேட்டா. அவளுடையது, வீட்டு வைஃபை.

ஒன்பதாவதற்குப் பெயர் இல்லை.

வீட்டு வைஃபை.

வாசற்படி தாண்டினால் செத்துவிடும் வைஃபை அது. ராபின் கிண்டல் செய்வான்.

கதவைப் பார்த்தாள். தாழ் போட்டிருந்தது. கட்டிலின் அடி. காலி. பாத்ரூம். காலி.

கேமரா சுவரைப் பார்க்கும்போது அறையில் நடப்பதை யாரும் பார்க்க முடியாது. ராபின் தூங்கும்போது. ஜெபா தூங்கும்போது.

"மேரி..."

"இன்னாடி கொரலு இப்டி இருக்குது? 'அனைவரையும் வெளியேற்று'ன்னு கீழ இருக்கும், அத அமுக்கு. எங்க எல்லாருக்கும் டிங்குன்னு அடிக்கும். அவ்ளோதான்."

அமுக்கினாள்.

மேரியின் பக்கம் டிங்.

வேலை செய்துவிட்டது. பட்டியலில் இப்போது ஒரே ஒரு போன், அவளுடையது. மற்ற எட்டும் வெளியே. அதில் ஒன்று, தூளிக்கு நேர் மேலே, வீட்டு ஓனரின் பழைய சாமான்கள் அடைத்த பரணில் டிங் என்றது. ஒளிர்ந்து, குனிந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு முகத்தைக் காட்டியது.