சாப்பாட்டு அறையில் ஒரு பனிக்காலம்

கோலசிலாங்கூரில் மூன்று நாளாக மழை விட்டபாடில்லை. கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் புகுந்ததிலிருந்து ஊரில் ஊரடங்கு; மழைக்கு ஏது ஊரடங்கு? ஓய்வுபெற்ற போலீஸ் சார்ஜன் சிவானந்தத்தின் வாசலில் ஃப்ளோரா சொட்டச் சொட்ட நின்றாள். அவளைக் கூட்டிவந்த நல்லசாமி எஸ்டேட்டில் சிறப்புக் காவலன். துப்புத் துலக்குவதென்றால் அவனுக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

“எங்க வீட்டுக்காரரு மத்தியாஸ், தொரை பங்களாவுல குக்கு,” என்றாள். “தொரை லீவு முடிஞ்சு சீமையிலேர்ந்து வந்தா, சாப்பாட்டு ரூம்பு படம் பொய்ப் படமாம். நெசத்த வித்துக் காசக் காட்டுக்காரங்களுக்குக் குடுத்துட்டாருன்னு புடிச்சிட்டாங்க. நாளைக்குத் தடுப்பு முகாமுக்கு அனுப்புறாங்க. அவரு வாயே தெறக்கலீங்க.”

“பங்களாவுக்கு வேற யாரு போவாங்க?”

“யாருமில்லீங்க. மழையில எல்லாம் பூஞ்சை பூத்துக் கெடந்துச்சு. நான்தான் ஒரு நாளு போயி, கண்ணுல பட்டதெல்லாம் சாம்பல் போட்டுத் தேய்ச்சுக் குடுத்தேன்.”

சிவானந்தம் குடையை எடுத்துக்கொண்டார். மூவரும் பங்களாவுக்கு நடந்தார்கள்.

சாப்பாட்டு அறையில் தொங்கிய படத்தில் ஏதோ சீமை நகரத்துத் தெரு, குதிரை வண்டிகள், கறுப்புக் கோட்டு மனிதர்கள். தன் படத்தைப் பார்த்தாலே நெஞ்சு கனக்கும், இதில் குளிரே இல்லை என்றார் துரை.

“டூப்ளிகேட்டுதான் சார்ஜன். கோலாலம்பூர் ஆளு வேலை லா,” என்றான் நல்லசாமி.

சிவானந்தம் படத்தை இறக்கித் திருப்பினார். ஆணிகள் துருவேறி மரத்தோடு ஒட்டியிருந்தன. சட்டத்தை மெல்ல நெம்பினார். அது மறைத்திருந்த ஓரத்தில் மட்டும் சாம்பல் வெள்ளையாக மூடுபனி எஞ்சியிருந்தது.

“ஆணிய யாரும் தொடல. அதே துணிதான், மேல புதுப் பெயிண்டு. ஒவ்வொருத்தர் காலடியிலயும் நிழல் சுருண்டு கெடக்கு பாருங்க. உங்க ஊரு பனியில இப்படி விழுமா தொரை?”

“நிழலே விழாது.”

“வரைஞ்சவரு நம்ம உச்சி வெயில்ல வளந்தவரு.”

நல்லசாமிக்கு அந்த நிழலைத் தெரியும். கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பின்னால் கட்டும் திரையை வருஷா வருஷம் வரைவது மத்தியாஸ்தான். அதில் நடுராத்திரி இடையர்களுக்கும் இதே நிழல்.

“விக்கிறவன் நெசப் படத்து மேலயே எதுக்கு வரையணும்? கெட்டுப்போனத மறைக்கத்தான் வரைஞ்சிருக்காரு,” என்றார் சிவானந்தம். “படத்துல இருந்த வெள்ளை, பனி. பனியே பாக்காத கண்ணுக்கு அது பூஞ்சை. யாரோ நல்ல மனசோட தேய்ச்சுட்டாங்க.”

யாரென்று அவர் சொல்லவில்லை. ஃப்ளோரா இருந்த பக்கம் திரும்பவும் இல்லை. துரை சொத்தில் கைவைத்தாலே காட்டுக்காரர்களின் ஆள் என்று முத்திரை குத்திய காலம் அது. மத்தியாஸ் ஏன் வாய் திறக்கவில்லை என்பது நல்லசாமிக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் பேசாமல் இருந்துவிடக் கூடாதா என்று பாழும் மனம் ஏங்கியது.

“நான்தான் தொரை,” என்றாள் ஃப்ளோரா. “அழுக்குன்னு நெனச்சேன்.”

துரை படத்தின் ஓரத்தில் எஞ்சிய பனியை விரலால் தொட்டார். அது அவருடைய தாயார் கொடுத்தது. பிறகு ஸ்டேஷனுக்குப் போன் போட்டு, சமையற்காரனை விடச் சொன்னார். போனை வைத்துவிட்டு, புருஷனும் பெண்டாட்டியும் இந்த வாரமே எஸ்டேட்டைக் காலி செய்யவேண்டும் என்றார். அவள் தலையாட்டினாள்.

கேட்டருகே மழையில், மத்தியாஸை ஏற்றிவரும் ஜீப்புக்குக் காத்து நின்றபோதுதான் அவள் உடைந்து அழுதாள்.

“படம் கெட்டுப்போச்சுன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாருங்க. சொல்லியிருந்தா நானும் பக்கத்துல உக்காந்து அந்தப் பனிய வரைஞ்சிருப்பேன் லா.”