உள்ளறைக் குளிர்ச்சி

தட்டில் எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றது. ஹரிஸ்ஸா மிளகாய் விழுதின் மேல் ரவ்தா தன் கையால் ஊற்றிய ஆலிவ் எண்ணெய்தான். ஊற்றும்போது நடுவில் வட்டமாகப் பரவியது. ரொட்டியைப் பிட்டு வைத்துவிட்டு அவள் திரும்புவதற்குள் மெல்ல நகர்ந்து, உள்ளறை இருந்த திசையில் தட்டின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு பொன்னிறமாகக் காத்திருந்தது. தட்டைத் திருப்பி வைத்தாள். எண்ணெய் அவசரப்படாமல், வழி தெரிந்த ஆளைப் போல, மறுபடியும் உள்ளறைப் பக்கமே போய்ச் சேர்ந்தது.

"பழைய வீடுன்னா அப்படித்தான் இருக்கும்," என்றார் அவள் கணவர் லஸாத். காப்பீட்டு அலுவலகம் ஒன்றின் கணக்குகளை வீட்டில் உட்கார்ந்தபடியே பார்க்கும் மனிதர். உலகத்தில் அவருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டென்றால், தனக்கு எதுவும் தெரியாது என்பது மட்டும்தான். ஓர் அட்டையை மடித்து மேசைக் காலுக்கு அடியில் செருகினார். மேசை ஆடுவது நின்றது. எண்ணெய் நிற்கவில்லை.

இந்த ஊரைப் பார்த்துப் பிடித்ததே அவர்தான். தம்பிக்குப் பெண் பார்க்கிறவரைப் போலக் கோடை முழுக்க துனீசியாவின் கடலோர ஊர்களை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்து, ஒவ்வொன்றிலும் ஒரு குறை கண்டுபிடித்துத் திரும்பினார். ஓர் ஊரில் ஓட்டல்கள் அதிகம், ஜனங்களுக்குக் குணம் கெட்டிருக்கும். இன்னொன்றில் காற்றே ஆலைப்புகை. வேறொன்றில் காப்பிக்கடைக்காரர்கள் சீட்டாட்டத்தில் ஏமாற்றுகிறார்கள். அதாவது, இவரை ஜெயித்துவிட்டார்கள். ஆனால் அலைந்த காரணம் நியாயமானது. சின்னவன் ஸியாதுக்கு நெஞ்சில் இரைப்பு. துனிஸ் நகரத்து வீட்டில் அவன் தூங்குவதைக் கேட்டால், அடுத்த வீட்டில் யாரோ விடாமல் பலகை அறுப்பது மாதிரி இருக்கும். கடல் காற்றுள்ள சின்ன ஊராகப் பாருங்கள் என்று மருத்துவர் சொன்னார்.

அப்படிக் கிடைத்ததுதான் சீதி யாகூத். அங்கே கடலைப் பார்த்த இந்த வீடு. வளைவு வைத்த வாசல் ரொம்பக் குறுகல், ஒருவர் பின் ஒருவராகத்தான் நுழைய முடியும். உள்ளே போகப் போகச் சுவர்கள் வயிறு போல் அகன்று, கடைசியில் ஜன்னலே இல்லாத, மூலைகளே இல்லாத ஓர் அறை. வெளியே சுண்ணாம்புச் சுவர்கள் கண்ணைக் குத்தும் வெயிலில் வெந்துகொண்டிருக்க, உள்ளே ஈரமண்ணின் குளிர்ச்சி, அதற்குள் லேசாகப் பாசி வாசனை, அதற்கும் அடியில் காதில் கை குவித்தால் கேட்குமே அந்த மாதிரி ஓர் இரைச்சல். அந்த அறைக்குள் போய் நின்றதும் மூன்று பேரும் ஒரே சமயத்தில் பெருமூச்சு விட்டார்கள். ஸியாதின் நெஞ்சில் பலகை அறுப்பது நின்றது. ரவ்தாவுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. வேறு வீடு பார்ப்பதாவது.

பெரியவள் யுஸ்ரா மட்டும் உள்ளே வராமல் வாசலில் நின்றாள். "நாறுது," என்றாள். பன்னிரண்டு வயது, துனிஸில் தோழிகளை விட்டு வந்த கோபம் என்று யாரும் பொருட்படுத்தவில்லை.

வாசலுக்குக் கதவு இல்லை, ஒரு துணித்திரைதான். கதவைச் செப்பனிடக் கொடுத்திருக்கிறோம், வந்துவிடும் என்றார் வீட்டுக்காரர். இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

முதலில் லஸாதின் கணினி உள்ளறைக்குப் போனது. பிறகு மெத்தைகள். பிறகு அடுப்பு. யாரும் முடிவு செய்யவில்லை. எண்ணெய் நகர்ந்த மாதிரியே எல்லாம் நகர்ந்தது. லஸாத் காப்பிக்கடைக்குப் போவதை நிறுத்தினார். இதை துனிஸில் போய்ச் சொன்னால், மனுஷன் எப்போது காலமானார் என்றுதான் கேட்பார்கள். சுவரில் முதுகை ஒட்டி, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் ஸியாத், அதே மாதிரி. சிலசமயம் ரவ்தாவும் அப்படியே உட்கார்ந்திருப்பதை, மதியத் தொழுகைக்கு பாங்கு சொல்லும்போதுதான் கவனிப்பாள். காலையில் என்ன செய்தோம் என்பது நினைவுக்கு வராது.

பக்கத்து வீட்டு ஸல்லூஹா கஸ்கஸ் என்கிற ரவைச்சோறு கொண்டுவந்து தருவாள், நல்ல மனுஷி. ஆனால் படி தாண்ட மாட்டாள். ஒரு கையை வாசல் விளிம்பில் ஊன்றி, குனிந்து, தலையை ஒருக்களித்து உள்ளே எட்டிப் பார்ப்பாள்.

"உள்ள நல்லாப் பழகிட்டீங்களா தங்கச்சி?"

"பழகிட்டோம்க்கா. வாங்களேன், தேத்தண்ணி போடறேன்."

"வேணாம், காலெல்லாம் மணலு. சின்னவன் சதை போட்டுட்டானே, மாஷா அல்லாஹ். உங்க வீட்டுக்காரரும் ஒரு சுத்துப் பெருத்திருக்காரு. பெரியவதான் ஏன் இப்படி வெளியிலயே கெடக்குறா?"

"அவளுக்குத் திமிரு."

"வெயில்ல வத்திப் போயிருவா," என்று ஸல்லூஹா உண்மையாகவே வருத்தப்பட்டாள்.

வந்த தட்டைக் காலியாகத் திருப்புகிற வழக்கம் இல்லையே. ஒருநாள் அதில் பேரீச்சம்பழ மக்ரூத் பலகாரம் அடுக்கி எடுத்துக்கொண்டு ரவ்தா அந்த வீட்டுக்குப் போனாள். தெருவில் இறங்கியதுமே தோல் காய்ந்து இழுத்தது. முற்றத்தில் ஸல்லூஹாவின் கணவர் ஜீலானி, கடலில் இறக்குவதற்காகக் கழுத்தில் கயிறு கட்டிய மண்பானைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். கொடியில் பேய்க்கணவாய்கள் எட்டுக் கையும் தலையுமாகக் காய்ந்து தொங்கின.

"இதுல என்னண்ணே இரை வைப்பீங்க?" பேச்சுக்காகத்தான் கேட்டாள்.

"இரையா?" அவருக்குச் சிரிப்பு. "துனிஸ்காரங்க துனிஸ்காரங்கதான். மீனுக்குத்தாம்மா இரை வேணும். பேய்க்கணவாய்க்கு வீடு குடுத்தாப் போதும். பாவம், குடியிருக்கப் பொந்து தேடித் தேடி அலையும். பானையப் பாத்தா விடுமா? இருட்டு, குளிர்ச்சி, வாய் குறுகல். சுத்திப் பாத்து, தானே பிடிச்சுப்போயி உள்ள குடியேறிடும்."

"தூக்கும்போது தப்பிச்சிராதா? வாய் தொறந்துதானே இருக்கு?"

"தொறந்துதான் இருக்கு. எட்டுக் கையும் இருக்கு. ஒரு தாவு தாவினாக் கடல். ஆனா கயிறு அசைஞ்சதும் அது என்ன பண்ணும் தெரியுமா? இன்னும் உள்ள போகும். உள்ள போயி சுவத்த இறுக்கிப் பிடிச்சுக்கும். அதுக்குப் பத்திரமான எடம் அதுதானே."

சொல்லிக்கொண்டே ஒரு பானையை எடுத்தார். ஒரு கையை விளிம்பில் ஊன்றி, குனிந்து, தலையை ஒருக்களித்து உள்ளே பார்த்தார்.

ரவ்தா அவரிடமிருந்து திரும்பி ஸல்லூஹாவைப் பார்த்தாள்.

"இவரு பேச்ச கேட்டுட்டு நிக்காத," என்று ஸல்லூஹா தட்டை வாங்கிக்கொண்டாள். "முகமே வாடிருச்சு. வீட்டுக்குப் போ."

வீட்டுக்குப் போ. அந்தச் சொல்லைக் கேட்டதும் தன் உடம்பு முழுக்கப் பரவிய சந்தோஷத்துக்குப் பயந்து, வழியெல்லாம் அவள் வேண்டுமென்றே மெல்ல நடந்தாள்.

மறுநாள் காலையிலேயே துணிகளைப் பையில் அடைத்தாள். துனிஸுக்குப் போகும் வாடகை வண்டிகள் நிற்கிற இடம் தெருமுனையைத் தாண்டித்தான்.

"கெளம்புங்க. இந்த வீடு வேணாம்."

லஸாத் எழுந்திருக்கவில்லை. சுவரில் கன்னத்தை வைத்திருந்தார். "போயேன். கதவே இல்லாத வீடு. ஒன்னை யாரு பிடிச்சு வச்சா?"

பிள்ளைகளை மட்டும் இழுத்துக்கொண்டு இறங்கினாள். யுஸ்ரா பையைத் தூக்கிக்கொண்டு, கூண்டு திறந்த குருவி மாதிரி முன்னால் போனாள். தெருமுனைக்கு வருவதற்குள் ஸியாதுக்குப் பலகை அறுப்பு திரும்பிவிட்டது. துனிஸில் இருந்ததைவிட மோசமாக. உதடு நீலம் பாரித்தது, கண் செருகியது, ஆனாலும் அவனுடைய சின்னக் கை வீட்டின் திசையைக் காட்டிக்கொண்டே இருந்தது. அவளுக்கும் மூச்சு வரவில்லை. பெற்ற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் திரும்பி ஓடினாள். கடைகளின் வாசலில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளறைத் தரையில் கிடத்தியதும் ஸியாத் சிரித்தான். பின்னாலேயே வந்த யுஸ்ரா பையோடு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அன்று மாலை தங்கை நஜ்லாவுக்குத் தொலைபேசினாள்.

"யுஸ்ராவை மட்டும் வந்து கூட்டிட்டுப் போடி."

"என்னக்கா இது, பாதிப் புள்ளைய வச்சுக்கிட்டுப் பாதிய அனுப்புறே? அத்தான்கூட சண்டையா?"

"சண்டையில்ல. அவளுக்கு இங்க பள்ளிக்கூடம் ஒத்துக்கல."

"குரல் ஏன் கெணத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி இருக்கு? சரி, வெள்ளிக்கிழமை வர்றேன். ஊரைத்தான் நானும் பாத்த மாதிரி இருக்கும்."

"நீ வண்டிய விட்டு எறங்காதே."

நஜ்லா சிரித்தாள். அக்கா வீட்டில் ஒரு வாய் சோறு கூடக் கிடைக்காது போலிருக்கிறது என்று துனிஸில் ஒரு வாரம் சொல்லிச் சிரிக்க அவளுக்கு விஷயம் கிடைத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை ஷஹீலி வீசியது, தெற்கே பாலைவனத்திலிருந்து வருகிற அனல்காற்று. மதியத் தூக்க வேளை. கடைகள் மூடியிருந்தன, பூனைகூட வெளியில் இல்லை. ரவ்தா மகளைத் தெருவில், எதிர்ச்சுவரின் நிழலில் நிறுத்தினாள். தலையில் துணி போட்டுவிட்டாள், கையில் பை கொடுத்தாள்.

"சித்தி வர்ற வரைக்கும் இங்கயே நில்லு. உள்ள காலெடுத்து வைக்கக் கூடாது."

"நீங்களும் வாங்கம்மா."

"தம்பிய எடுத்துட்டு வர்றேன்."

அப்படித்தான் நினைத்து உள்ளே போனாள். உண்மையாகவே.

உள்ளறையில் லஸாதும் ஸியாதும் சுவரோடு சுவராக ஒட்டியிருந்தார்கள். அறையின் இரைச்சல் நின்றுபோயிருந்தது. அது இருந்ததே, இல்லாமல் போனபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. அந்த அமைதிக்குள், கூரைக்கும் மேலே எங்கோ உயரத்தில், நனைந்த கனத்த நார்க்கயிறு ஒன்று முறுக்கேறி இறுகுகிற சத்தம் நிதானமாக எழுந்தது.

தரை சாய்ந்தது.

லேசாகத்தான். மேசை வழுக்கிக்கொண்டு வந்தது. தேநீர்க் கண்ணாடிகள். செருப்புகள். வாசல் திரை உள்பக்கமாக மடிந்து விழுந்தது, விழுந்தபடியே கிடந்தது. வாசல் வளைவுக்குள் தெரிந்த கடல் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

"ஸியாத். வா."

வந்தான். அவள் மடிக்கு. வாசலுக்கு அல்ல.

எழு, என்று தன் கால்களுக்குச் சொன்னாள். கால்கள் மடங்கின. முதுகு சுவரைத் தேடியது. விரல்கள் சுவரில் பதிந்தன. வாசல் திறந்திருந்தது. எழுந்து போனால் வெளியே. அவ்வளவுதான். பக்கத்தில் லஸாத் கண்ணை மூடிக்கொண்டு, அவளையும் தாண்டி இன்னும் உள்ளே ஒடுங்கினார். அவளும் ஒடுங்கினாள்.

யுஸ்ராவாவது.

தெருவில் மகள் நின்றிருந்தாள். வெளியே இருந்தவளுக்கு எதுவும் தெரியவில்லை. அவள் காலுக்கடியில் தரை தரையாகவே இருந்தது. எங்கோ மோட்டார் வண்டியின் ஒலிப்பான். நஜ்லா. வந்துவிட்டாள். போ, கண்ணு. ஓடு.

"யுஸ்ரா."

ரொம்ப இனிமையான குரல். அது தன் வாயிலிருந்துதான் வந்தது என்று ரவ்தாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"வெயில்ல எதுக்குச் செல்லம் நிக்கிறே?"

நாக்கைக் கடிக்கப் பார்த்தாள். பல் சேரவில்லை.

"சித்தி வந்துட்டாம்மா. வாங்க."

"வருவா. நீ வா. உள்ள எவ்வளவு குளிர்ச்சியா இருக்கு பாரு."

வேண்டாம். வேண்டாம். வேண்டாம்.

"எனக்கு நாறுதும்மா."

"இங்க நாறலடா. இந்தப் பக்கம் வந்தா நாறவே இல்ல. அம்மாகிட்ட வா."

யுஸ்ரா சாலையைப் பார்த்தாள். ஒலிப்பான் மறுபடி கேட்டது, இன்னும் பக்கத்தில். அம்மாவைப் பார்த்தாள். அம்மா இரண்டு கைகளையும் நீட்டியிருந்தாள். எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு, அம்மா முகம் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பையைக் கீழே வைத்துவிட்டு அவள் படி தாண்டினாள்.

சறுக்கி வந்து மடியில் விழுந்த மகளை இறுக்கி அணைத்து, அவள் கூந்தலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, ரவ்தா இன்னும் உள்ளே நகர்ந்தாள். நால்வரும் நகர்ந்தார்கள். வாசலில் கடல் இல்லை. தெருவும் இல்லை. மிக உயரத்தில், வட்டமாக, வெறும் வானம்.

அதன் விளிம்பிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டத் தொடங்கியது.