கண் வைக்காத கொக்கு

ஜி.எஸ்.டி. ரோட்டில் நின்ற விளம்பரப் பலகையைப் பார்த்துத்தான் கூடுவாஞ்சேரியில் மனை வாங்கினோம். நீல ஏரி, தண்ணீர் குடிக்கும் மான், ஒற்றைக் காலில் வெள்ளைக் கொக்கு. பம்மல் தோல் பதனிடும் ஆலை நாற்றத்திலேயே பத்து வருஷம் மூச்சு விட்டவனுக்கு வேறென்ன வேண்டும்? வரைந்தவன் என் சிநேகிதன் முனிரத்தினம். மான் போட்டால் அமைதி, கொக்கு போட்டால் தண்ணீர் என்று ஜனம் தானாகப் படித்துக்கொள்ளும் என்பான்.

"கண்ணால பார்த்த இடம் மச்சான். நம்பி வாங்கு."

நம்பினேன்.

தொண்ணூற்று மூன்று ஐப்பசியில் வீடு கட்டிக் குடிபோனோம். முனிரத்தினம் கூடத்துச் சுவரில் அதே கொக்கை வரைந்து கொடுத்தான். எந்த உருவத்துக்கும் கண்ணைக் கடைசியில், வீட்டுக்காரர் முன்னால்தான் வைப்பான். அன்று வைக்காமலே கிளம்பிவிட்டான்.

மழை பிடித்தது. நாலாம் நாள் மத்தியானம் என் மனைவி காந்திமதி மெல்லக் கூப்பிட்டாள்.

"இங்க வாங்க. கொக்கோட கால் எங்க?"

விரல் வரை வரைந்திருந்த கால். இப்போது படத்தில் முழங்கால் வரை தண்ணீர்.

மறுநாள் வயிறு வரை.

கூடமெல்லாம் சேற்று வாடை, மீன் வாடை. தரை காய்ந்தே கிடந்தது.

பம்மலுக்கு ஓடினேன். முனிரத்தினம் கதவைப் பாதிதான் திறந்தான்.

"அது ஏரிக்கரை இல்ல மச்சான். ஏரியே அதான். லாரில மண்ணு கொட்டிகினு இருந்தாங்க. கொக்குங்க ஓரமா நின்னு பார்த்துகினு இருந்துச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"எனக்கும் ஒரு மனை தரேன்னாங்க."

"கண்ணு ஏன் வைக்கல?"

"வெச்சா, பொய் சொன்னவனப் பார்க்கும்."

கதவைச் சாத்திக்கொண்டான். இருபது வருஷச் சிநேகம்.

வீட்டை விற்றுத் தள்ளிவிடுவது என்று முடிவு செய்தேன். கொக்கின் மேல் இரண்டு தடவை சுண்ணாம்பு அடித்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்ரீநிவாசராகவன் என்ற ரிட்டயர்டு வாத்தியார் வீடு பார்க்க வந்தார். மனைவிக்கு ஆஸ்துமா, நல்ல காற்று வேண்டும் என்றார். காந்திமதி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மழைல தண்ணி நிக்குமா?" என்று கேட்டார் வாத்தியார்.

"கண்ணால பார்த்து வாங்கின இடம் சார். நம்பி வாங்கலாம்."

சொல்லி முடிக்கும்போதே கணுக்கால் ஜில்லென்றது. குனிந்து பார்த்தேன். தரை காய்ந்திருந்தது.

வாத்தியார் வெள்ளைச் சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றார். கண்ணாடியைச் சரி செய்துகொண்டார்.

"சுவத்துல ஒரே ஒரு கண்ண மட்டும் ஏன் சார் வரைஞ்சு வெச்சிருக்கீங்க? எங்க நின்னாலும் உங்களையே பார்க்குதே."