கால் தரையில் படாமல்

அன்றும் ஏழு பேரை உருளைக்குள் விட்டார்கள். நான்கு பேர் மயங்கி விழுந்தார்கள். விழுந்தவர்களை இழுத்து வந்து, காலைச் சற்று உயர்த்தி வரிசையாகக் கிடத்திவிட்டு, மற்றவர்கள் கஞ்சி குடிக்கப் போனார்கள். நிலாவில் வெள்ளிக்கிழமை என்றால் அப்படித்தான்.

அதற்கு எடையுருளை என்று பெயர். அது சுற்றச் சுற்ற, உள்ளே நிற்கிறவன் மேல் பூமியின் எடை வந்து இறங்கும். மயங்காமல் நிற்கிறவன் ஊருக்குப் போகலாம். மூன்று முறை விழுந்தவனை அப்புறம் கூப்பிட மாட்டார்கள். தொம்மை இரண்டு முறை விழுந்தாயிற்று.

குற்றம் நெஞ்சினுடையது. பூமியில் ரத்தத்துக்கும் எடை உண்டு. தலைக்கு அதை ஏற்ற நெஞ்சு தம் கட்டித் தள்ள வேண்டும். காலுக்கு இறங்கிய ரத்தம் திரும்பி மேலே வர, நடக்கிறபோது கெண்டைச் சதை பிழிந்து கொடுக்க வேண்டும். பிழிந்தது மறுபடி கீழே வழியாமல் இருக்க ரத்தக் குழாய்களுக்குள் சின்னச் சின்னக் கதவுகள் உண்டு. நிலாவில் ஆறில் ஒரு பங்கு எடைதான். ரத்தம் தானாகத் தலைக்கு ஏறிவிடும். வேலை குறைந்த நெஞ்சு, வேலையில்லாத கையைப் போல மெலிந்துபோகும்.

தொம்மை பாறை சுமக்கும் கூலியாக நிலாவுக்கு வந்தபோது மகள் ஜெனிலா கைக்குழந்தை. இப்போது அவளுக்குப் பதினான்கு வயது. திரையில்தான் வளர்ந்தாள், கழுத்துக்கு மேலே மட்டும்.

அதனால் அவன் சுமைவண்டியைத் தொடுவதில்லை. பாறைப் பெட்டிகளை முதுகிலேயே ஏற்றினான். ஆறு பேர் சுமையை ஒருவனாகத் தூக்கினான். படுக்கும்போது கழுத்தில் விரல் வைத்துத் துடிப்பைப் பார்த்தான். அது மெலிவாகப் பட்டால் எழுந்து நின்ற இடத்திலேயே குதித்தான்.

கூட வேலை செய்த காசிலிங்கம் கேலி பேசினான். "அண்ணாச்சி, வண்டிக்கு வேல போயிரும் போல. கம்பெனிக்காரன் ஒங்களுக்குச் சிலை வைப்பான்."

"கம்பெனிக்காகவாடே தூக்குறேன்? இந்த நெஞ்சு இங்க ரொம்பச் சொகம் கண்டுட்டு. அத எழுப்புறேன்."

"எழுப்புங்க, எழுப்புங்க. எனக்கு மூணும் போயாச்சு. ஊர்ல கேட்டா, காசி சௌக்கியமா இருக்கான்னு சொல்லுங்க."

அடுத்த வெள்ளிக்கிழமை தொம்மை உருளைக்குள் நின்றான். கால் கனத்தது. காது இரைந்தது. கண்ணின் ஓரத்தில் இருட்டு வந்தது. கெண்டைச் சதையை இறுக்கி இறுக்கி விட்டான். உருளை நின்றபோது அவனும் நின்றுகொண்டிருந்தான். சுற்றி யாரோ கை தட்டினார்கள். அவனுக்கு அழுகைதான் வந்தது.

பூமியில் இறங்குதளக் கூடத்துக்குள் நுழைந்ததும் அவன் திகைத்தான். கூட்டம் முழுவதும் உட்கார்ந்திருந்தது. சிறிசு பெரிசு என்றில்லாமல் எல்லாரும் ஆளுக்கொரு மிதவை நாற்காலியில். ஏதோ பெரிய சீக்கு வந்திருக்கிறது என்று பயந்தான்.

"யப்பா!"

நீலநிற நாற்காலியில் ஜெனிலா. பக்கத்து நாற்காலியில் மனைவி அமலி.

"மக்கா! எந்திச்சு வா, மக்கா!" என்று அவன் கையை விரித்தான்.

"அய்யோ, வேண்டாம்ட்டி!" என்று அமலி கத்துவதற்குள் அவள் எழுந்துவிட்டாள். ஒரு நொடி சிரித்தபடி நின்றாள். முகம் வெளுத்தது. சரிந்தவளைத் தொம்மை தாங்கிக்கொண்டான்.

மருத்துவப் பெண் நாற்காலியிலேயே விரைந்து வந்தாள். சிறுமியைக் கிடத்திக் காலை உயர்த்தினாள்.

"தலைக்கு ரத்தம் ஏறல. இந்த வயசுப் பிள்ளைங்க எல்லாம் இப்படித்தான். நெஞ்சு சின்னது. நீங்க ஏன் நிக்கச் சொன்னீங்க?"

"நெஞ்சு சின்னதா? அது நிலாவுல கெடக்குற எங்களுக்குத்தானம்மா. இவ தரையிலதான பொறந்தா?"

"பொறந்தா. தரையில எறக்கி விடலையே."

தொம்மை அமலி பக்கம் திரும்பினான். "என்ன அமலி இது? பிள்ளைய இப்பிடியா வளப்ப?"

அமலி திருப்பிக் கேட்டாள். "நீங்கதான சொன்னிய! நான் பட்ட பாடு எம்மவ படக் கூடாது, கால் தரையில படாம வளக்கணும்னு பேசும்போதெல்லாம் சொல்லுவியளே. தெருவுல மொத நாற்காலி நம்ம வீட்டுக்குத்தான் வந்துச்சு. அதப் பாத்துத்தான் மத்தவுகளும் வாங்குனாக."

அவன் குனிந்து மகளின் கெண்டைக் காலைப் பிடித்துப் பார்த்தான்.

மருத்துவப் பெண் நாற்காலித் திரையில் சிறுமியின் நெஞ்சைப் பார்த்தபடி சொன்னாள். "ரொம்ப மெலிஞ்சுபோச்சு. இங்க நடக்க விட்டா தாங்காது. எடை கம்மியான இடத்துல வச்சுக் கொஞ்சம் கொஞ்சமாப் பழக்கணும். நிலாவுக்குக் கூட்டிட்டுப் போங்க. துணைக்கு நல்ல நெஞ்சுள்ள ஆள் வேணும்." பிறகு அவனை நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்கு நல்லாத்தான் இருக்கு."

நிலாவுக்குப் புறப்படும் வரிசையில் அவன் ஒருவன்தான் காலூன்றி நின்றான். அருகே படுக்கையில் கிடந்த ஜெனிலா அவன் விரலைப் பிடித்திருந்தாள்.

"யப்பா, அங்க நான் நடக்கலாமா?"

"நடக்கலாம், மக்கா. ஓடவே செய்யலாம்."

அவள் சுற்றிலும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "நடந்தா, கூலிக்காரின்னு யாரும் சிரிக்க மாட்டாவளா?"

"யாரு சிரிப்பா? அங்க எல்லாரும் கூலிக்காரங்க."

"அப்போ சரி," என்றாள் அவள்.