நெஞ்சுக் கணக்கு

அதிகாரிகள் வருவதற்கு இன்னும் பத்தொன்பது மணி நேரம் இருந்தது. எங்கள் ஆறு பேரையும் வேனில் ஏற்றி, பூட்டிக் கிடந்த பழைய வார்டுக்குக் கொண்டுவந்தார் டாக்டர். ஆய்வுக்கூடம் அவர்கள் கண்ணில் படக்கூடாதாம். வார்டில் ஏழு கட்டில்கள். பினாயில் வாசனையையும் மீறி ஈரச் சுவர் நாறியது.

பிறப்பதற்கு முன்பே எங்கள் மரபணுவில் கைவைத்துவிட்டார்கள். சுவருக்கு அப்பால் துடிக்கும் நெஞ்சுகூட எங்களுக்குக் கேட்கும். நாங்கள் தலைகளை எண்ணுவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு நெஞ்சுகளை எண்ணுவோம்.

என்ன சொல்ல வேண்டும் என்று டாக்டர் பாடம் நடத்தினார். நாங்கள் ஆறு பேர், காது நோய்க்குச் சிகிச்சை, எந்தக் குறையும் இல்லை. அதிகாரிகள் கையெழுத்துப் போட்டுப் போனதும் மாலையில் அடுத்த பரிசோதனை. என் தங்கை கடுகுக்கு. அவளுக்கு எட்டு வயது.

போன மாதம், எங்களோடு இருந்த தாளம் என்கிற பையனுக்கு நடந்த அதே பரிசோதனை. அது முடிந்து அவன் வீட்டுக்குப் போய்விட்டான் என்று சின்னவர்களிடம் சொல்லியிருந்தேன்.

"வாயைத் திறந்தீங்கன்னா ஆளுக்கொரு ஊர்ல இருப்பீங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் போனார்.

ஜன்னலில் பிற்பகல் வெயில். கடுகு கண்ணை மூடி எண்ணினாள்.

"அக்கா, ஏழு."

"உன் வயித்துச் சத்தத்தையும் சேத்து எண்ணியிருப்ப."

"போ அக்கா. நீயே கேளு."

கேட்டேன். ஆறு. பிறகு, ஜன்னலோரக் காலிக் கட்டிலிலிருந்து இன்னொன்று.

இரண்டு துடிப்பு. ஒரு இடைவெளி. ஒரு துடிப்பு.

அப்படித் தப்பித் தப்பித் துடித்தது ஒரே நெஞ்சுதான். அதனால்தான் அவனைத் தாளம் என்று கேலி செய்வோம்.

விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை. கையை வைத்தேன். சில்லென்றிருந்தது.

உள்ளங்கைக்குக் கீழே அது துடித்தது.

சின்னவர்கள் யாரும் பயப்படவில்லை. எங்கே ஒளிந்திருக்கிறாய் என்று கட்டிலுக்கடியில் தேடிச் சிரித்தார்கள். பயந்தவள் நான் ஒருத்திதான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அதிகாரி ஒருவர் மட்டும் வந்தார். கண்ணாடி போட்ட நடுத்தர வயதுப் பெண். நாங்கள் பாடத்தை ஒப்பித்தோம். அவர் தலையாட்டிக்கொண்டே பேனா மூடியைக் கழற்றினார். கடைசியாக, சும்மா பேச்சுக் கொடுப்பதுபோல, நீங்கள் மொத்தம் எத்தனை பேர் என்று கடுகிடம் கேட்டார்.

அவள் பழக்கதோஷத்தில் கண்ணை மூடினாள்.

"ஏழு."

டாக்டர் சிரித்தார். "இவளுக்கு இன்னும் எண்ண வரல மேடம்."

பேனா நின்றது. ஏழாவது யார் என்று அவர் என்னைக் கேட்டார்.

அந்தத் துடிப்பு கட்டிலைவிட்டு இறங்கியது. மெல்ல நடந்து வந்தது. எனக்கும் டாக்டருக்கும் நடுவில் நின்றது.

டாக்டரின் சிரிப்பு அணைந்தது. காதுக்குள் விரலை விட்டுக் குடைந்தார். அவருடையது சாதாரணக் காதுதான்; அதற்கும் கேட்டிருக்கிறது.

"வீட்டுக்குப் போயிட்டான்னு சொல்லு" என்று என்னிடம் கிசுகிசுத்தார்.

நான் யாரிடமும் குரல் உயர்த்திப் பேசியதில்லை. கடுகின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அவன் வீட்டுக்குப் போகல மேடம். போன மாசம் இவர் ஊசி போட்ட மேசையிலேயே செத்துட்டான். அவன் நெஞ்சு நின்னதை நான் கேட்டேன்."